நாலு பக்கம், நாலு பாட்டு, 81 நிமிடம்: யெஸ்ஸின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ ஜவ்வா, இல்லையா?

மார்ச் 2, இரவு

யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ ஆல்பத்தை ஒரே மூச்சில், தூங்காமல் கேட்டு முடித்தவர்கள் இங்கே யாராவது உண்டா? நான் ஆறு முறை முயன்றேன், நான்கு முறை இரண்டாவது பாட்டிலேயே தூங்கிப் போனேன். என் கட்சி இதுதான்: இதற்குள் அருமையான 40 நிமிட ஆல்பம் ஒன்று ஒளிந்திருக்கிறது, மீதி எல்லாம் ஜவ்வு. முதல் பாட்டையே பாருங்கள், கடலிரைச்சல் மாதிரி ஏதோ இரண்டு நிமிடம் ஓடிய பிறகுதான் மனிதக் குரலே வருகிறது. 1972ல் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பம் போட்ட அதே ஆட்கள், டிரம்மர் ஒருவர்தான் மாறியிருக்கிறார், அடுத்த வருடமே எப்படி இப்படி ஆனார்கள்?

மார்ச் 3

ஆரம்பித்த நானே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் “யெஸ் என்றால் யார்” என்பதிலேயே நின்றுவிடும்.

டிரம்மர் பில் புரூஃபர்ட் 1972 கோடையில் யெஸ்ஸை விட்டு கிங் கிரிம்சன் என்ற இன்னொரு ராக் குழுவுக்குப் போனார். அவர் இடத்துக்கு ஆலன் ஒயிட் வந்தார். 1973 மார்ச்சில் புரூஃபர்டுக்குக் கல்யாணம். அந்த விருந்தில் பாடகர் ஜான் ஆண்டர்சன், கிரிம்சனில் தாளவாத்தியம் வாசித்த ஜேமி மூயரோடு பேச்சுக் கொடுக்கிறார், மூயர் பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதை’யைப் படிக்கச் சொல்கிறார். அதே மாதம் ஜப்பான் பயணம். டோக்கியோ ஹோட்டல் அறையில் அந்தப் புத்தகத்தின் 83ஆம் பக்க அடிக்குறிப்பு ஆண்டர்சனைப் பிடித்துக்கொள்கிறது. சாஸ்திரங்கள் நான்கு வகை: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். நான்கு வகை, இரண்டு எல்பி இசைத்தட்டுக்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாட்டு. முடிந்தது திட்டம்.

புத்தகம் கூட இல்லை, ஒரு அடிக்குறிப்பு! நாலைந்து வரியை 81 நிமிடமாக இழுத்தால் ஜவ்வாகாமல் என்ன ஆகும்?

(மூயர் அதற்குச் சற்று முன்தான் கிரிம்சனையும் இசையையும் விட்டு ஸ்காட்லாந்தில் ஒரு புத்த மடத்துக்குப் போகும் வழியில் இருந்தார். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தான் பாட்டுக்குப் போய்விட்டார் மனிதர்.)

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழித்து

அடிக்குறிப்பைத் திரும்பப் படித்தேன். இத்தனை நாள் கண்ணில் படாமல் போன ஒன்று: பாட்டுத் தலைப்புகள் எல்லாமே அந்தக் குறிப்பின் சொற்கள்தான். அதில் சுருதி என்றால் நேராகக் கேட்கப்பட்டது, வெளிப்படுத்தப்பட்டது. முதல் பாட்டு ‘தி ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட்’. ஸ்மிருதி, நினைவில் வைக்கப்பட்டது. இரண்டாவது ‘தி ரிமெம்பரிங்’. புராணம், பழையது, மூன்றாவது ‘தி ஏன்ஷியன்ட்’. தந்திரம், சடங்கு, நான்காவது ‘ரிச்சுவல்’. ஆண்டர்சன் தத்துவத்தை விளக்க உட்காரவில்லை, நான்கு சொல்லின் நேர்ப்பொருளை எடுத்து நான்கு மனநிலையாக்கிக்கொண்டார். கேட்டது, நினைத்தது, பழையது, சடங்கு. இப்படிப் பார்த்தால் அவ்வளவு அபத்தமாகத் தோன்றவில்லை.

நமக்குத்தான் சிரிப்பு வரும். சுருதி என்றதும் தம்புரா ஞாபகம் வருகிற காதுகள் நம்முடையவை. பழந்தமிழில் வேதத்துக்குக் கேள்வி என்றே ஒரு பெயர் உண்டு, எழுதாக்கிளவி என்றும் உண்டு. அப்புறம் ஸ்மிருதி என்றால் ராமாயணமும் மகாபாரதமும் என்று அந்தக் குறிப்பு சொல்வதும் குறுக்குவழிதான். நம்மில் பலருக்கு ஸ்மிருதி என்றதும் மனுதான் முதலில் நினைவுக்கு வருவார், அவரைப் பற்றி 20 நிமிட ராக் பாட்டு வராமல் போனதே நல்லது. தந்திரத்தைச் சடங்கு என்று ஒரே சொல்லில் அடைத்ததும் அப்படித்தான். ஆனால் ஒன்று, தபலாவைத் தட்டி ஊதுபத்தி கொளுத்திய வேலையெல்லாம் இந்த ஆல்பத்தில் இல்லை. யோசனை எங்கிருந்தோ வந்தது, இசை அவர்களுடையதாகவே இருக்கிறது.

மார்ச் 5

திருத்தம், அதுவும் வெட்கத்தோடு. முதல் பதிவில் “கடலிரைச்சல் இரண்டு நிமிடம்” என்று திட்டியிருந்தேனே, அது 1973 எல்பியில் கிடையாது. 2003ல் மறுபதிப்பு போட்டபோதுதான் அந்த முன்னுரைப் பகுதியைத் திரும்ப ஒட்டினார்கள். அந்தப் பாட்டு எல்பியில் 20:27, மறுபதிப்பில் 22 நிமிடத்துக்கு மேல். எல்பியில் ஊசி வைத்த உடனே ஆண்டர்சன் மந்திரம் ஓதுவது போல ஒரே சுரத்தில் சொற்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார். நான் வாங்கியது மறுபதிப்பு சிடி. ஆக நான் திட்டியது அவர்களே வெட்டி எறிந்த பகுதியை.

இன்னும் கேவலம், அந்தப் பாட்டு முதலில் 28 நிமிடம் இருந்ததாம், எல்பி பக்கத்தில் அடங்காததால் குறைத்தார்கள். வெட்டத் தெரியாதவர்கள் என்று நான் நினைத்தது முதல் அடியிலேயே நொண்டி.

மார்ச் 6

பக்கத்துக்கு ஏன் இருபது நிமிடம் என்று ஒருவர் கேட்டிருந்தார். எல்பியின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம் வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், நெருக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், முதலில் அடிவாங்குவது பேஸ் என்கிற அடித்தள ஓசை. கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிட்டார் இல்லாத யெஸ்ஸை யார் கேட்பது? நான்கு பாட்டின் நீளம் 20:27, 20:38, 18:34, 21:35. தட்டின் அளவு எவ்வளவோ பாட்டும் அவ்வளவு.

கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன் அன்றிலிருந்து சொல்லிவரும் குறையும் இதுதான்: ஒரு எல்பிக்கு அதிகமாகச் சரக்கு இருந்தது, இரண்டு எல்பிக்குப் போதவில்லை, அதனால் இட்டு நிரப்பினோம், சிடி காலமாக இருந்திருந்தால் சுருக்கி ஒன்றாகப் போட்டிருக்கலாம் என்று. என் கட்சிக்கு வாசித்தவரே சாட்சி.

மார்ச் 8

சரி, பேசிக்கொண்டே இருப்பதற்குப் பதில் வெட்டிப் பார்த்துவிட்டேன். கணினியில் நான்கு பாட்டையும் ஏற்றி, கத்தரியை எடுத்து, சனி ஞாயிறு இரண்டு நாள். இரண்டாவது பாட்டில் பாதிக்கு மேல் போனது. மூன்றாவதில் முன்பாதி அடிதடியை எல்லாம் எடுத்துவிட்டுக் கடைசியில் வரும் ஸ்பானிஷ் கிட்டார் பகுதியை மட்டும் வைத்தேன். நான்காவதில் அந்த டிரம்ஸ் ரகளை அவுட். மொத்தம் 42 நிமிடம்.

முதல்முறை கேட்டபோது பெருமையாக இருந்தது. ஒரு மாதிரி ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ தம்பி போல.

மார்ச் 8, நள்ளிரவு

இரண்டாவது முறை கேட்டேன். ஏதோ இடிக்கிறது. என்னவென்று நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 11

நாளைக்கு என்று மூன்று நாள் ஆகிவிட்டது. இடைவெளியில் பதிவு செய்த கதையை எழுதிவிடுகிறேன், அது கேட்பதை விடச் சுவாரசியம் என்று நினைப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள்.

ஆண்டர்சனும் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹவ்வும்தான் இதன் இரண்டு தூண்கள். பயணத்தில் ஹோட்டல் அறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து உட்கார்ந்து எழுதினார்கள். அமெரிக்காவில் சவானா நகரத்தில் ஒரே ராத்திரி, ஆறு மணி நேரம் உட்கார்ந்து, காலை 7 மணிக்கு எழுந்தபோது நான்கு பகுதிக்கும் உருவம் வந்துவிட்டது. மற்ற மூவருக்கும் பிறகுதான் செய்தி. இந்த ஆல்பத்தின் எல்லாச் சண்டைக்கும் விதை அங்கேதான் என்பேன்: இருவர் கனவு கண்டார்கள், ஐந்து பேர் வாசிக்க வேண்டியிருந்தது.

எங்கே பதிவு செய்வது என்பதில் அடுத்த இழுபறி. ஆண்டர்சனுக்குக் காடு, வயல் என்று வெளியே போக ஆசை. மற்றவர்களுக்கு லண்டனை விட மனமில்லை. கடைசியில் லண்டனில் மார்கன் ஸ்டுடியோ, அங்கே அப்போது புதிதாக வந்திருந்த 24 டிராக் டேப் மெஷின் இருந்தது. ஆசைக்குச் சமாதானமாக ஸ்டுடியோவையே கிராமமாக்கினார்கள்: வெள்ளை வேலி, வைக்கோல் கட்டு, பூக்கள், அட்டையில் வெட்டிய மாடு, அந்த மாட்டுக்கு மின்சாரத்தில் இயங்கும் மடி. குளியலறையில் பாடினால் குரல் நன்றாக இருக்கிறது என்று ஆண்டர்சன் சொல்ல, டைல்ஸ் பதித்த ஒரு அறையும் உள்ளேயே கட்டப்பட்டது. தினக்கணக்கில் வாடகை ஓடுகிற இடத்தில் உட்கார்ந்து குளியலறை கட்டியிருக்கிறார்கள்!

பக்கத்து அறையில் பிளாக் சாபத் என்ற ராக் குழு, ‘சாபத் பிளடி சாபத்’ ஆல்பத்தின் பதிவில். வேக்மனுக்கு இங்கே அலுப்புத் தட்டினால் அங்கே போய்விடுவார். அவர்களுடைய ‘சாப்ரா கடாப்ரா’ பாட்டில் வாசித்தும் கொடுத்தார், காசு வாங்கவில்லை, சம்பளம் பீர்.

ஒலிப்பதிவைக் கவனித்த எடி ஆஃபர்ட் பற்றி ஆண்டர்சன் சொல்லும் கதையும் ஒன்று. மிக்ஸ் எல்லாம் முடிந்து வெளியே வருகிறார்கள். ஆஃபர்ட் டேப்பைக் காரின் கூரை மேல் வைத்துவிட்டுச் சாவியைத் தேடுகிறார், கிடைத்ததும் டேப்பை மறந்து வண்டியை எடுத்துவிடுகிறார். டேப் நடுரோட்டில். எதிரே பஸ். ஆண்டர்சன் ஓடிப்போய்ப் பஸ்ஸை மறித்துக் காப்பாற்றினாராம். அந்த டிரைவர் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்திருந்தால் எனக்குக் கத்தரி வேலையே மிச்சம்.

மார்ச் 12

இடித்தது என்னவென்று சொல்கிறேன்.

மூன்றாவது பாட்டில் நான் மட்டும் வைத்த அந்தக் கிட்டார் பகுதி. முழு ஆல்பத்தில் அது வருவதற்கு முன் பத்துப் பன்னிரண்டு நிமிடம் உலோகத்தை உலோகத்தில் மோதுவது போல இருக்கும், ஹவ்வின் ஸ்டீல் கிட்டார் காதைக் கிழிக்கும், எங்கே அடி எங்கே தாளம் என்று தெரியாமல் தவிக்க வைக்கும். அந்தத் தவிப்புக்குப் பிறகு ஒற்றைக் கிட்டார், அதன் மேல் ஆண்டர்சனின் குரல். மழை விட்ட மாதிரி. நான் வெட்டிய பிரதியில் மழையே இல்லை, எதிலிருந்து விடுவது? அழகான மெட்டு ஒன்று, அவ்வளவுதான்.

நான்காவதிலும் அதே கதை. முன் பக்கங்களில் வந்த ஒரு கிட்டார் மெட்டு ‘ரிச்சுவல்’லில் திரும்ப வரும். அது திரும்ப வந்தது என்று காது உணர வேண்டுமானால் நடுவே அதை மறக்க நேரம் வேண்டும். ஏழு நிமிடத்துக்கு முன் கேட்ட மெட்டு மறுபடி வந்தால் பல்லவி. நாற்பது நிமிடத்துக்கு முன் கேட்டது வந்தால் வேறு ஏதோ. நான் வெட்டி எடுத்தது அந்த மறதியைத்தான் போல.

ஜவ்வு இல்லை என்று இன்னும் சொல்லவில்லை. அவசரப்படாதீர்கள்.

மார்ச் 13

மூன்றாவதின் முன்பாதியைத் திரும்பச் சேர்த்தாயிற்று. 53 நிமிடம்.

மார்ச் 17

வரவேற்பு பற்றிக் கேட்டவருக்கு. “படுதோல்வி” என்று எழுதியிருந்தீர்கள், அது சரியில்லை. 1973 டிசம்பரில் பிரிட்டனில் வந்தது, அங்கே இரண்டு வாரம் முதலிடம். முன்பதிவை மட்டும் வைத்தே அங்கே தங்கத்தட்டுச் சான்று வாங்கிய முதல் ஆல்பம் இதுதான். அமெரிக்காவில் அடுத்த ஜனவரியில் வந்து 6ஆம் இடம் வரை போனது. தோல்வி எல்லாம் விமர்சகர்களிடம்தான். ரோலிங் ஸ்டோன் இதழ் உட்படப் பலர் சாத்தினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பங்க் என்ற எளிய, முரட்டு ராக் வந்ததும், யெஸ் போன்றவர்களின் நீண்ட, சிக்கலான புரோக் ராக் ஊதிப் பெருத்துப் போனது என்று சொல்ல யாருக்கு ஆதாரம் வேண்டுமோ அவர்கள் இந்தத் தட்டைத்தான் காட்டினார்கள்.

ஒரு விஷயத்தில் ரசிகர்களுக்கு அநியாயம் நடந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டன் சுற்றுப்பயணம் நவம்பரிலேயே தொடங்கிவிட்டது, தட்டு கடைக்கு வந்தது டிசம்பரில். முதலில் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ முழுதும், அப்புறம் யாரும் கேட்டேயிராத இந்த 81 நிமிடமும். நான் வீட்டில் ஹெட்போன் போட்டுப் படுத்தே தூங்கினேன், அவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அமெரிக்கப் பயணத்தின் நடுவே குழுவே ஒரு பாட்டை விட்டுவிட்டது. எது தெரியுமா? நான் தூங்கிய அதே இரண்டாவது பாட்டு. இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டினேன்.

மார்ச் 17, தொடர்ச்சி

மான்செஸ்டர் கதை வராமல் இந்தப் பேச்சு முடியாது என்று தெரியும், அதனால் நானே. ஃப்ரீ ட்ரேட் ஹாலில் கச்சேரி. வேக்மனுக்கு வாசிக்க வேலை இல்லாத நீண்ட இடங்கள். அவருடைய கீபோர்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஹம்மண்ட் ஆர்கனுக்கு அடியிலேயே படுத்திருப்பார், ஏதாவது பழுதானால் சரிசெய்ய. கச்சேரி முடிந்ததும் சாப்பிட என்ன வேண்டும் என்று அவர் கேட்க, வேக்மன் சிக்கன் விண்டாலு, புலாவ், அப்பளம், வெண்டைக்காய், ஆலு, பராத்தா என்று அடுக்கினார். அந்த ஆளுக்கு “முடிந்ததும்” என்பது காதில் விழவில்லை போல. கொஞ்ச நேரத்தில் பொட்டலங்கள் மேடைக்கே கீழிருந்து வந்து சேர்ந்தன. கீபோர்டு மேல் பரப்பி வைத்துச் சாப்பிட்டார். வாசனை பிடித்து வந்த ஆண்டர்சன் ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு போனாராம், இதெல்லாம் வேக்மன் வாயாலேயே.

சாஸ்திரத்தை மையமாக வைத்த கச்சேரியில் இந்தியாவிலிருந்து வந்த ஒரே உருப்படியான விஷயம் அந்தச் சாப்பாடுதான் என்று ஒருவர் கீழே எழுதியிருப்பதற்கு என் ஓட்டு.

1974 மே 18, தன் 25ஆவது பிறந்தநாளில், வேக்மன் குழுவிலிருந்து விலகுவது உறுதியானது. அதே சமயம் அவருடைய தனி ஆல்பம் ‘ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்’ பிரிட்டனில் முதலிடத்தில். அவர் இடத்துக்கு பாட்ரிக் மொராஸ் வந்து ‘ரிலேயர்’ ஆல்பம் போட்டார்கள். வேக்மன் 1976ல் திரும்பியும் வந்தார், அது வேறு கதை.

மார்ச் 19

உறை பற்றி யாருமே பேசவில்லையே? ரோஜர் டீன் வரைந்தது. வறண்ட நிலத்தின் மேல் மீன்கள் நீந்துகின்றன, பின்னால் மாயா நாகரிகக் கோயில், பெரு நாட்டில் நிலத்தில் கீறிய பழங்கால நாஸ்கா கோடுகள், நடுவே இங்கிலாந்துப் பாறைகள். சிடி அட்டையில் பார்க்கும்போது எனக்குத் தபால்தலை. எல்பியை விரித்து வைத்துப் பார்க்கிறவர்களுக்கு 81 நிமிடம் போனதே தெரிந்திருக்காது என்று ஒரு சந்தேகம்.

மார்ச் 24

கடைசியாக அந்த இரண்டாவது பாட்டு. இதுவரை அதை மட்டும் பாதியாகவே வைத்திருந்தேன், மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டது. டிரம்ஸ் ரகளை கூட. அது இல்லாமல் கடைசி நிமிடங்களின் அமைதி நிற்கவில்லை.

காய்ச்சலோடு மூன்று நாள் படுத்திருந்தேன். எதையும் உற்றுக் கேட்கத் தெம்பில்லை, ‘தி ரிமெம்பரிங்’ முழுப் பிரதியைத் திரும்பத் திரும்ப ஓட விட்டேன். தூங்கி எழுந்தால் அதே இடம், அல்லது அதே மாதிரி வேறு இடம். மெல்லோட்ரான் என்கிற கீபோர்டு மெதுவாகப் பொங்கி வருகிறது, அடங்குகிறது, மினிமூக் சிந்தசைசர் அதன் மேல் ஒரு கோடு இழுக்கிறது, மறுபடி பொங்குகிறது. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்ள முயலும்போது மனம் செய்வதும் அதுதானே, கிட்டே போய்க் கிட்டே போய் நழுவுவது. பாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நினைத்தது சரி. ஆனால் ஸ்மிருதி என்று பெயர் வைத்த பாட்டில் என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன்?

இன்னொன்றும் உறைத்தது. இந்த நான்கில் கீபோர்டு அதிகம் சுமக்கும் பாட்டு இதுதான். எது ஜவ்வு என்று எல்லோரும் கை காட்டுகிறார்களோ அதைத் தாங்கிப் பிடித்தவர், ஜவ்வு என்று முதலில் சொன்ன வேக்மன். மார்ச் 6ல் அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியது நான்தான். இப்போது அவர் வாசித்ததே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

மார்ச் 25

“காய்ச்சலில் கேட்டால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும்” என்கிறார் ஒருவர். இருக்கலாம். காய்ச்சல் விட்டு நேற்று மறுபடி கேட்டேன். தூங்கவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்துக்கு அப்புறம் ஒரு இடத்தில் மட்டும் கைப்பேசியைப் பார்த்தேன், மறைப்பானேன்.

மார்ச் 30

கணக்கு கேட்டவர்களுக்கு: என் பிரதி இப்போது 78 நிமிடம். எல்பியின் 81 நிமிடத்தில் வெளியே நிற்பது மூன்று நிமிடச் சொச்சம், எல்லாம் இரண்டாவது பாட்டில், கைப்பேசியைப் பார்த்த இடத்தைச் சுற்றி. இவ்வளவு நாள் இரண்டு சிடியாக இருந்தது இப்போது ஒரே சிடியில் அடங்குகிறது. நேற்று எழுதிப் போட்டுவிட்டுக் கேட்டேன், வெட்டு விழுந்த இடத்தில் மெல்லோட்ரான் லேசாக விக்குகிறது.